கெவலாரில் ஒரு கையகலப் படம்

அம்மாவுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. தம்பிக்குப் பிள்ளை சுகமாகப் பிறந்தால் ஜேர்மனியில் இருக்கும் கெவலார் என்ற ஊரின் மாதாவுக்கு ஏழு மெழுகுதிரி கொளுத்துவதாகச் சொல்லியிருந்தார். பிள்ளை பிறந்து மூன்று மாதமாகிவிட்டது. ஆகஸ்டில் இங்குள்ள நம் ஈழத் தமிழர்கள் கூடும் யாத்திரைக்குப் போனால் ஆயிரக்கணக்கில் சனம் நிற்கும், அம்மாவின் முழங்காலுக்கு அது சரிவராது. அதனால் மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, டுசில்டோர்ஃபில் இருந்து கிளேவே போகும் ரயிலில் இருவரும் ஏறினோம்.

கெல்டர்ன் நிலையத்தைத் தாண்டியதும் நிலம் ஒரே தட்டையாகிவிடுகிறது. வயலும் மாடுகளும்தான், மேட்டைக் காணோம். நெதர்லாந்து எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது. அம்மா செபமாலை உருட்டிக்கொண்டு வந்தார். நான் யன்னலால் பார்த்தபடி, இந்த வெளியில்தான் அந்த மனிதர் நடந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பெயர் ஹென்ட்ரிக் புஸ்மன். கெல்டர்னில் இருந்த சிறு வியாபாரி, ஊர் ஊராக நடந்து சாமான் விற்றவர். அப்போது கெவலார் புதர்க்காட்டு ஓரத்துக் கிராமம். ஐரோப்பாவை முப்பது வருடம் எரித்த போர் நடந்துகொண்டிருந்தது. 1635இல் படையினர் இந்தக் கிராமத்துக்குள் புகுந்து சனங்களைக் கொன்றார்கள். அதற்கு ஆறு வருடம் கழித்து, 1641 கிறிஸ்மஸ் காலத்தில், புஸ்மன் வீசே என்ற ஊரில் இருந்து நடந்து வந்தார். கெவலார் வெளியில் இரண்டு பெருவழிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சிலுவை நின்றது. அதன் முன் நின்று செபித்தபோது ஒரு குரல் கேட்டது: "இந்த இடத்தில் எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டு." சுற்றிப் பார்த்தார், ஒருவரும் இல்லை. வேறு நாட்களிலும் அதே இடத்தில் அதே குரலைக் கேட்டார். மூன்று தரம்.

கையில் காசில்லாத மனிதர். அன்றாட வருமானத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்தார்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தவர் அவருடைய மனைவி மெகல். 1642இல் ஒரு இரவு அவர் பெரிய ஒளி ஒன்றைக் கண்டார். அதன் நடுவில் ஒரு சிற்றாலயம், அதற்குள் ஒரு மாதா படம். காவல் சுற்றிவந்த சிப்பாய்களும் புஸ்மன் வீட்டில் வெளிச்சம் கண்டதாகச் சொன்னார்கள். படத்தை மெகல் உடனே அடையாளம் கண்டுகொண்டார். சில நாட்களுக்கு முன் படைவீரன் ஒருவன் விலைக்குக் காட்டிய லக்சம்பர்க் மாதாவின் அச்சுப்படம்தான் அது. விலை கூட என்று வாங்காமல் விட்டிருந்தார். இப்போது புஸ்மன் அந்தப் படத்தைத் தேடிப் பெற்றுவரச் சொன்னார். அந்த ஆண்டு ஜூன் 1ஆம் தேதி, புஸ்மன் கட்டிய சிற்றாலயத்தில் ஊர்க் குருவானவர் படத்தை வைத்தார். அன்றே சனம் வரத் தொடங்கிவிட்டது.

நிலையத்தில் இருந்து கடைத்தெரு வழியாக மெதுவாக நடந்தோம். செபமாலை, சுரூபம், மெழுகுதிரி விற்கும் கடைகள் நிறைய. யாத்திரைதான் இந்தப் புதர்க்காட்டுக் கிராமத்தை வளர்த்தது. ஆனாலும் நகரம் என்ற பட்டம் 1949இல்தான் கிடைத்திருக்கிறது.

தெரு முடியும் இடத்தில் சதுக்கம் விரிகிறது. பெரிய பசிலிக்கா 19ஆம் நூற்றாண்டில் கட்டியது, உள்ளே சுவர் முழுக்க வண்ணம். யாத்திரிகர்களுக்காக முதலில் எழுந்த மெழுகுதிரி ஆலயம் 1645இல் முடிந்தது. ஆனால் எல்லோரும் போய் நிற்பது, புஸ்மனின் சிற்றாலயம் நின்ற இடத்தில் 1654இல் கட்டிய அறுகோணச் சிற்றாலயத்துக்கு முன்னால்தான். அதன் ஒரு பக்கத்தில் வெளியே பார்த்தபடி யன்னல் போன்ற ஒரு திறப்பு. அதற்குள்தான் மாதா. திறந்த வானத்தின் கீழ் நின்றே கும்பிடலாம்.

அம்மா இதற்கு முன் கூட்ட நாட்களில் தூரத்தில் நின்றுதான் பார்த்திருக்கிறார். இன்று கண்ணாடிக்கு மிகக் கிட்டப் போனார்.

"இவ்வளவு சின்னப் படமோ பிள்ளை?"

ஆமாம், உள்ளங்கைக்குள் அடங்கும். சுற்றிலும் பொன்னும் காணிக்கைகளும், நடுவில் ஒரு காகிதத் துண்டு. முடிசூடிய அன்னை, கையில் பாலன், பின்னால் லக்சம்பர்க் நகரம். துயருறுவோரின் ஆறுதல் என்பது இந்த அன்னையின் பெயர். நம் பழைய பிரார்த்தனை மாலையில் "கஸ்திப்படுகிறவர்களுக்குத் தேற்றரவே" என்று வருகிறதே, அதே பெயர். அம்மா அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அங்கே வாங்கில் இருந்தபோது அம்மாவுக்கு ஒன்றைச் சொன்னேன். கெவலாருக்கு ஆரம்ப காலத்தில் எல்லை தாண்டி நடந்து வந்தவர்களில் ஒல்லாந்தக் கத்தோலிக்கர் பலர். அவர்களுடைய நாட்டில் வெளிப்படையாகப் பூசை காண அனுமதி இல்லை. அதே காலத்தில் ஒல்லாந்த ஆட்சியாளர் இலங்கையில் நம் மன்னாரிலும் கத்தோலிக்கரைத் துரத்தினார்கள். 1670 அளவில் மாந்தைச் சனம் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதால்தான் மடு மாதா கோவில் உண்டானது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப ரெண்டு மாதாவும் ஒரே ஆக்களுக்காகத்தான் அழுதிருக்கிறா" என்றார். பிறகு, 2008இல் ஷெல் விழுகிற நேரம் மடு மாதாவைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்த வருடம் நாங்கள் இங்கே தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தோம்.

இலங்கையில் போர் தொடங்கி ஜேர்மனிக்கு ஓடிவந்த எங்கள் சனம் இந்தச் சதுக்கத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆகஸ்டில் சேலையும் மல்லிகையும் தமிழ்ப் பாட்டுமாக இந்த இடம் மாறிவிடும். சைவக் குடும்பங்களும் வருவார்கள், அர்ச்சனைத் தட்டுக்குப் பதில் மெழுகுதிரி ஏந்தி நிற்பார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை.

அப்புறம் நேர்த்தி. மெழுகுதிரி ஆலயத்தின் வெளிச்சுவரோரம் காற்றுக்கு அணையாதபடி திரிகள் ஏற்றும் இடம் இருக்கிறது. அம்மா ஏழையும் ஒவ்வொன்றாகப் பேத்தியின் பெயரைச் சொல்லிக் கொளுத்தினார். புகையில் கண் கலங்கியது, அல்லது புகை இல்லாமலும் கலங்கியிருக்கும்.

திரும்பப் புறப்படும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னும் ஒண்டு வாங்கு பிள்ளை."

"ஏன் அம்மா, ஏழு சரிதானே?"

"அந்த மனுசிக்கு. விலை கூடவெண்டு படத்தை வாங்காமல் விட்டவ."

வாங்கிக் கொடுத்தேன். அந்த எட்டாவது திரியை மட்டும் சற்றுத் தள்ளி, தனியாக வைத்தார்.