பழவேற்காடு முதல் பனங்காடு வரை: சென்னையைச் சுற்றி ஆறு மாதம்

15.12.2024, பெரம்பூர்

கிறிஸ்துமஸுக்கு இன்னும் பத்து நாள். ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இஞ்சி ஒயின் காய்ச்சும் நேரம் இது. பெயரில் மட்டுமே ஒயின். நொதிக்க விடுவதில்லை என்பதால் போதை கிடையாது, குழந்தைகளும் குடிக்கலாம்.

இரண்டு லிட்டர் தண்ணீருக்குத் தோல் சுரண்டி நசுக்கிய இஞ்சி 100 கிராம், விதை நீக்கிய காய்ந்த மிளகாய் மூன்று, இரண்டு அங்குலப் பட்டை ஒன்று, கிராம்பு ஆறு. மெல்லிய தீயில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, மூடி ஓர் இரவு அப்படியே வைக்க வேண்டும். காலையில் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது இஞ்சியின் மாவுச்சத்து. கலக்காமல் மேல்நீரை மட்டும் துணியில் வடிகட்டினால் ஒயின் தெளிவாக இருக்கும், கலக்கிவிட்டால் கடைசிவரை கலங்கல்தான்.

சர்க்கரை மொத்தம் 750 கிராம். அதில் மூன்று மேசைக்கரண்டியைத் தனியாகக் கருக்கி, மீதிச் சர்க்கரையோடு வடிகட்டிய நீரில் சேர்த்துக் கொதிக்கவிட்டால் நிறம் கிடைக்கும். பழைய தேன் நிறத்தைத் தாண்டி, காப்பி டிகாக்‌ஷன் நிறம் வந்த உடனே வெந்நீர் ஊற்றி நிறுத்திவிட வேண்டும். பத்து விநாடி தாமதித்தாலும் கசப்பு ஏறும், அதன்பின் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் போகாது. வெந்நீர் ஊற்றும்போது பாகு சீறித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளவும். நான்கு எலுமிச்சையின் சாற்றை முழுவதும் ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் மணம் ஆவியோடு போய்விடும். கொதிநீரில் கழுவிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் நிற்கும்.

18.1.2025, திருவள்ளூர் சாலை

பொங்கல் முடிந்தும் சாலையோரம் பனங்கிழங்குக் கட்டுகள் குறையவில்லை. ஆடி, ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளை மண்மேட்டில் அடுக்கிப் புதைத்தால் மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு இறங்கும். நடுப்பகுதி தடித்து, தோல் சுருங்காமல், கையில் கனமாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். தோண்டத் தாமதித்த கிழங்கு நீளமாக இருக்கும், வாயில் நார்தான் மிஞ்சும்.

நுனியும் வாலும் கிள்ளி, தோலோடு உப்பு, மஞ்சள் சேர்த்து, மூழ்கும் அளவு தண்ணீரில் முக்கால் மணி நேரம் வேகவேண்டும். தோலை முதலிலேயே உரித்துவிட்டால் மேல்பகுதி நீர் கோத்துச் சளசளத்துப் போகும். வெந்ததும் உரித்து, இரண்டாக ஒடித்து, நடுவில் குச்சி போல இருக்கும் பீலியை உருவிவிட வேண்டும். முளைத்த கொட்டையைப் பிளந்தால் உள்ளே பஞ்சு போன்ற தவுண் இருக்கும். கிழங்கு விற்கும் இடத்தில் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

9.2.2025, பழவேற்காடு

இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உப்புநீர் ஏரி. ஒரு பக்கம் ஆரணியாறும் காளாங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன, மறுபக்கம் முகத்துவாரம் வழியாகக் கடல் வருகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் உப்பு குறைந்து, கோடை நோக்கிப் போகப் போக ஏறும். நண்டும் இறாலும் மடவையும் இந்த ஏற்றத்தாழ்வில்தான் வளர்கின்றன. ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை மீனவர்கள் பாடு முறைப்படி தங்களுக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வது நெடுநாள் வழக்கம். இந்த ஒழுங்கு தெரிந்த பிறகு, கரையில் நின்று பேரம் பேசும் தொனியே மாறிவிடும்.

சேற்று நண்டு வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது உயிர்: கண்ணருகே விரல் நீட்டினால் சட்டென்று உள்ளே இழுக்க வேண்டும். செத்த நண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உயிர் போன சில மணி நேரத்தில் சதை நீர்த்துவிடும், வயிற்றுக்கும் ஆகாது. இரண்டாவது கனம்: ஒரே அளவில் இரண்டைத் தூக்கிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். மூன்றாவது ஓடு: வயிற்றுப்பக்கம் கால் சேரும் இடத்தை அழுத்தினால் உள்வாங்கக் கூடாது. உள்வாங்கினால் அண்மையில் ஓடு மாற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். வயிற்று மடல் கூர்முக்கோணமாக இருந்தால் ஆண், கொடுக்கில் சதை அதிகம். அகன்று வட்டமாக இருந்தால் பெண், சினை வேண்டுவோருக்கு அது.

வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்க்காமல் இருபது நிமிடம் ஐஸ் தண்ணீரில் வைக்கவும். மரத்துப்போன பிறகு வெட்டினால் கால்களை உதறாது. ஓட்டைப் பிரித்ததும் இருபுறமும் சாம்பல் நிற இதழ்களாகத் தெரியும் செவுளை முழுவதும் எடுத்துவிட வேண்டும். கொடுக்குகளை அம்மிக்குழவியால் ஒரு தட்டுத் தட்டி விரிசல் விட்டால்தான் காரம் உள்ளே இறங்கும்.

ஒரு கிலோவுக்குச் சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு பன்னிரண்டு பல், இஞ்சி ஓர் அங்குலம், மிளகு ஒன்றரை மேசைக்கரண்டி, சீரகமும் சோம்பும் ஒவ்வொரு தேக்கரண்டி. மிளகைப் பொடியாக்காமல் கரகரப்பாக இடிக்கவும். வதங்கிய வெங்காயத்தில் நண்டைப் போட்டு, கால் டம்ளர் தண்ணீர் மட்டும் தெளித்து மூடிவிட்டால் போதும், மீதி நீரை நண்டே விடும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

16.3.2025, காஞ்சிபுரம்

காஞ்சிபுரம் இருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். நெல் விளையும் மண்ணின் பண்டம் இட்லியாக இருப்பதில் வியப்பில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது.

வீட்டுக்கு: பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றும் ஒவ்வொரு ஆழாக்கு. ரவைப் பதத்தில் அரைத்து, உப்பு சேர்த்து இரவு முழுக்கப் புளிக்கவிடவும். காலையில் அரை ஆழாக்குப் புளித்த தயிர், உடைத்த மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒன்று, சுக்குப் பொடி ஒன்று, பெருங்காயம் கால் தேக்கரண்டி, நல்லெண்ணெயும் நெய்யும் சேர்த்து மூன்று மேசைக்கரண்டி. பெருங்காயத்தைத் தயிரில் கரைத்துச் சேர்க்காவிட்டால் ஓரிடத்தில் கட்டியாக நின்று கசக்கும். நைசாக அரைத்த மாவு இந்த இட்லிக்கு ஆகாது, நடுப்பகுதி பிசினாகிவிடும். இலை போட்ட டவராவில் பாதி உயரத்துக்கு ஊற்றி 25 நிமிடம். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது.

6.4.2025, செங்கல்பட்டைத் தாண்டி

பதநீர். இந்தக் குறிப்புகளில் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

பனையேறி பாளையைக் கடிப்பு என்னும் மரக்கருவியால் இடுக்கி இளக்கி, தினமும் மெல்லிய சீவாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு வருவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது பதநீர். பூசாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்து, அதே சாறு கள்ளாகிவிடும். நாள்பட்டால் காடியாகும். கள் இறக்க 1987 முதல் தமிழ்நாட்டில் தடை உண்டு. ஒரே பாளை, ஒரே சாறு. நடுவில் நிற்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்புதான்.

அந்தப் பூச்சின் அளவுதான் சுவையைத் தீர்மானிக்கிறது. குறைந்தால் புளிப்பு வாடையும் நுரைக்குமிழும் வரும். கூடினால் நாக்கு உரியும், தொண்டை அரிக்கும். நல்ல பதநீர் லேசாக வெண்மையாக, சுண்ணாம்பு மணம் மெல்லத் தொட்டுப்போவதாக இருக்கும். குடித்து முடித்த பிறகும் நெடுநேரம் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் இனிப்பு என்றால் தண்ணீரும் சாக்கரினும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். "அண்ணே, காலையில இறக்குனதா?" என்று கேட்டுவிட்டு, வெயில் ஏறுமுன், பனை ஓலைப் பட்டையில் வாங்கிக் குடிப்பதே முறை. பத்து மணிக்கு மேல் நெடுஞ்சாலை வெயிலில் நிற்கும் குடத்தைக் கடந்து போய்விடலாம்.

வீட்டுக்குக் கொண்டுவர ஸ்டீல் தூக்கும் சுற்றிலும் ஐஸும் வேண்டும். இறுக மூடிய பிளாஸ்டிக் பாட்டில் வழியிலேயே உப்பினால் நொதிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். வந்ததும் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக் கொதிக்கவைத்துவிட்டால் அன்று முழுக்கத் தாங்கும்.

பதநீர்ப் பொங்கலுக்குப் பச்சரிசி ஓர் ஆழாக்கு, வறுத்த பாசிப்பருப்பு கால் ஆழாக்கு, இறுத்த பதநீர் ஐந்து ஆழாக்கு. வெல்லம் வேண்டாம். இனிப்பு நீரில் அரிசி மெதுவாகத்தான் வேகும், ஆகவே முதலில் அரை மணி நேரம் ஊறவைப்பது கட்டாயம். கடைசியில் சுக்கும் ஏலமும் நெய்யும்.

20.4.2025, காசிமேடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்கள் சினை வைக்கும் காலம், தடை அவசியம். இப்போது கரையருகே போகும் ஃபைபர் படகுகளின் பிடிதான் உள்ளூர் மீன்: நெத்திலி, மத்தி, காரப்பொடி. பெரிய வஞ்சிரம் கண்ணில் பட்டால் பெரும்பாலும் வெளியூர் லாரியில் ஐஸோடு வந்தது.

தடைக்காலக் குழம்புக்குக் காரப்பொடியை மிஞ்ச எதுவும் இல்லை. கல்லுப்புப் போட்டுச் சொரசொரப்பான மண்சட்டியில் உரசினால் செதில் போய்விடும். அரை கிலோவுக்குக் குழம்பு மிளகாய்த்தூள் மூன்று மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், தக்காளி இரண்டு, பாதி மாங்காய். மாங்காய் சேர்ப்பதால் புளி எலுமிச்சை அளவில் பாதி போதும். நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, எண்ணெய் மிதக்கும்வரை குழம்பைக் கொதிக்கவிட்டு, முதலில் மாங்காய், ஐந்து நிமிடம் கழித்து மீன், பிறகு இன்னும் ஐந்தே நிமிடம். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும், இல்லாவிட்டால் மீன் முள்ளாகிவிடும்.

11.5.2025, செங்குன்றம் சாலை

நுங்கு. விரல் நகம் எளிதில் இறங்கும் அளவு இளசாக, உள்ளே நீர் தளும்ப வேண்டும். கெட்டியாகி, கடுக்காய் என்று சொல்லும் பதத்துக்குப் போன நுங்கைத் தின்றால் வயிறு வலிக்கும். வெட்டிக்கொடுப்பவரிடம் இளசு என்று முன்பே சொல்லிவிட்டால் பார்த்து எடுப்பார். மேல் தோல் துவர்க்கும், உரிப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். வீட்டில் உரிப்பதானால் ஒரு கிண்ணத்தின் மேல் பிடித்து உரிக்கவும், உள்ளிருக்கும் நீர் சிந்திவிடும்.