கிளாம்சி நாட்குறிப்பு

மே 6, திங்கள்

பிரான்ஸின் பர்கண்டியில், யோன் ஆற்றில் பெவ்ரோன் என்ற சிற்றாறு வந்து கலக்கும் இடத்தில் இருக்கிறது கிளாம்சி. மேட்டில் பழைய ஊர், கீழே ஆறு, அதையொட்டி நிவெர்னே கால்வாய். சாவகாசமாக நடந்தாலே சுற்றி முடித்துவிடலாம். இந்தச் சின்ன ஊர் வழியாகப் போன விறகில்தான் பாரிஸ் தலைமுறை தலைமுறையாகக் குளிர்காய்ந்தது.

மே 7, செவ்வாய்

இன்று முழுக்க விறகுக் கதைதான். 16ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றியிருந்த காடுகள் அந்த நகரத்துக்குப் போதவில்லை. மோர்வான் மலையில் மரத்துக்குக் குறைவில்லை. கொண்டுவர நல்ல சாலைதான் இல்லை. ஆற்றிலேயே விட்டார்கள்.

கட்டையின் முனையில் வியாபாரியின் முத்திரையைச் சுத்தியலால் பதிப்பார்கள். மலை ஓடைகளில் தேக்கிவைத்த தண்ணீரைத் திறந்தால் எல்லாருடைய கட்டைகளும் ஒன்றாக அடித்துக்கொண்டு வரும். கிளாம்சியில் மறித்து, குளிர்ந்த நீரில் இறங்கி இழுத்து, முத்திரை பார்த்துப் பிரிப்பார்கள். அப்புறம் வளையும் குச்சிகளால் இறுக்கிக் கட்டினால் 70 மீட்டருக்கு மேல் நீளமுள்ள தெப்பம் தயார். பாரிஸ் போனதும் தெப்பமே விறகாக விலைபோய்விடும். ஓட்டிப்போனவர் ஊர் திரும்ப நடக்க வேண்டியதுதான், சுமார் 200 கிலோமீட்டர்!

மே 8, புதன்

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் முடிந்த நாள் விடுமுறை. பெத்லகேம் பாலத்தில் கொக்கிக்கழியோடு ஒரு தெப்பக்காரர் சிலை.

பாலத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1168இல் பாலஸ்தீனத்தில் இறந்த நெவேர் பிரபு நான்காம் கியோம், இங்கிருந்த மருத்துவமனையை பெத்லகேம் ஆயருக்கு எழுதிவைத்தார். புனித பூமி கிறிஸ்தவர்கள் கைவிட்டுப் போனபின் ஆயர்கள் இங்கேயே வந்து தங்கிவிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சி வரை கிளாம்சியில் ஒரு ‘பெத்லகேம் ஆயர்’ இருந்தார். மறைமாவட்டம் என்று பார்த்தால் ஏறக்குறைய அந்த மருத்துவமனையும் சிற்றாலயமும்தான். பதவி மட்டும் பெரிசு.

மே 10, வெள்ளி

அருங்காட்சியகத்துக்கு ரோமன் ரோலந்தின் பெயர். காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் வரலாறுகளை எழுதிய அதே நோபல் எழுத்தாளர். 1866இல் இங்கே பிறந்தவர். சரி, பெருமைதான். ஆனால் நான் அதிக நேரம் நின்றது தெப்பத் தொழில் பகுதியில்.

1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது ஆயுதம் ஏந்திய ஊர்களில் கிளாம்சியும் ஒன்று. கலகத்தில் தெப்பக்காரர்களும் இருந்தார்கள். பலரை நாடு கடத்தினார்கள். பிறகு நிலக்கரியும் ரயிலும் வந்து தொழிலையே கரைத்துவிட்டன.

நாளை மோந்த்ரோ. அங்கே யோன், சேன் நதியில் கலக்கிறது. சராசரி நீர்வரத்தைப் பார்த்தால் யோன்தான் பெரியது. அந்தக் கணக்கில் பாரிஸில் ஓடுவது யோன் ஆறு என்று வாதாடுபவர்களும் உண்டு. கிளாம்சியைப் பார்த்தபின் நானும் அந்தக் கட்சிதான்.