அட்ரினல் கட்டி: அளக்கும் வட்டத்தை எங்கே வைப்பது?

கிட்னி கல்லுக்கோ வயிற்றுவலிக்கோ எடுத்த சி.டி.யில், கிட்னியின் மேல் உட்காரும் அட்ரினல் சுரப்பியில் ஒரு சின்ன உருண்டை தட்டுப்படுவது ஸ்கேன் அறையில் அடிக்கடி நடப்பதுதான். 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது. பெரும்பாலும் தீங்கில்லாத அடினோமாவாகத்தான் இருக்கும். ஆனால் ரிப்போர்ட்டில் அப்படி எழுத ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயில் செலுத்தி, படத்தில் திசுக்களைப் பளிச்சென்று காட்டும் மருந்து) ஏற்றுவதற்கு முன் எடுக்கும் பிளெய்ன் படத்தில் இருக்கிறது. கல்லுக்கு எடுத்த ஸ்கேன் என்றால் அது ஏற்கெனவே பிளெய்ன்தான். அங்கேயே அளந்துவிட்டால் நோயாளியை மறுபடி வரவழைக்க வேண்டியதில்லை.

அடினோமாவின் செல்கள் ஸ்டீராய்டு ஹார்மோன் தயாரிக்கக் கொழுப்பைத் தமக்குள் சேர்த்து வைத்திருக்கும். அதனால் அடர்த்தி குறையும். சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு ஹவுன்ஸ்ஃபீல்ட். சீரான கட்டி 10 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகோ அதற்குக் கீழோ காட்டினால் படம் எடுக்கும் வேலை முடிந்தது. ஹார்மோன் சோதனை வேறு கணக்கு. இரவில் 1 மி.கி. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, மறுநாள் காலை அட்ரினல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனைப் பார்ப்பதை இந்த 10 ரத்து செய்யாது.

தவறு நேர்வது பெரும்பாலும் அளக்கும் வட்டத்தில்தான். திரையில் கட்டியின் மேல் போடும் இந்த வட்டத்துக்குள் இருக்கும் அடர்த்தியின் சராசரியைத்தான் கணினி காட்டும். கட்டி பெரிதாகத் தெரியும் ஸ்லைஸை (குறுக்குவெட்டுப் படத்தை) தேர்ந்தெடுத்து, அதன் பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை வட்டம் போட வேண்டும். கால்சியம், அழுகிய பகுதி இரண்டையும் தவிர்க்க வேண்டும். விளிம்பைத் தொட்டால் சுற்றியுள்ள கொழுப்பு உள்ளே வந்துவிடும். கொழுப்பின் அளவு மைனஸ் 100 அளவில் இருப்பதால் சராசரி சரசரவென இறங்கும். புற்றுநோய் பரவிய கட்டிகூட 8 காட்டும். 12 மி.மீ. கட்டியை 5 மி.மீ. ஸ்லைஸில் அளந்தால் வட்டம் சரியாக இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய ஸ்லைஸில்தான் அளக்க வேண்டும். ஒல்லியானவர்களுக்குக் கதிரைக் குறைக்க 80 அல்லது 100 கிலோவோல்ட்டில் எடுக்கிறார்கள். 10 என்ற எல்லை வந்ததோ 120-இல். ரிப்போர்ட் எழுதும் முன் அந்த எண்ணையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இடப்பக்கம் ஏமாற்றும் பக்கம். இரைப்பையின் பை போன்ற புடைப்பு, துணை மண்ணீரல், வளைந்து ஓடும் மண்ணீரல் ரத்தக்குழாய் எல்லாம் அட்ரினல் கட்டிபோலவே நிற்கும். உடலை முன்பின்னாக வெட்டியதுபோல் முன்னிருந்து காட்டும் கொரோனல் படத்தில் சுரப்பியின் இரண்டு கால்களையும் தேடிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அடினோமாக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புக் குறைந்தவை. அவற்றுக்குத்தான் வாஷ்அவுட், அதாவது ஏற்றிய கான்ட்ராஸ்ட் எவ்வளவு வெளியேறுகிறது என்ற கணக்கு. மூன்று படம் வேண்டும்: பிளெய்ன், கான்ட்ராஸ்ட் ஏற்றி 60 முதல் 75 விநாடிக்குள் ஒன்று, சரியாக 15-ஆவது நிமிடத்தில் ஒன்று. பிளெய்னில் 24, பிறகு 96, கடைசியில் 50 என்று வைத்துக்கொள்வோம். 96-இலிருந்து 50 போக 46. 96-இலிருந்து 24 போக 72. 46-ஐ 72-ஆல் வகுத்தால் 64 சதவீதம். எல்லை 60 சதவீதம் என்பதால் அடினோமா பக்கம் சாய்கிறது. கடைசிப் படத்தில் வட்டம் சற்று நகர்ந்து 56 என்று வந்திருந்தால்? 56 சதவீதம்தான், முடிவே மாறிவிடுகிறது. ஆறே அலகு வித்தியாசம். மூன்று படத்திலும் ஒரே அளவு வட்டம், ஒரே இடம் என்று அடித்துச் சொல்வது இதனால்தான். கூட்டம் அதிகம் என்று 10 நிமிடத்திலேயே கடைசிப் படத்தை எடுத்துவிட்டு இதே எல்லையைப் பொருத்துவதும் தவறு.

அத்தனையும் சரியாகச் செய்தாலும், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் பியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி அடினோமாபோலவே கான்ட்ராஸ்டை வெளியேற்றிக் காட்டக்கூடும். கிட்னி புற்றுநோயிலிருந்து பரவியதும் அப்படித்தான். அதனால் பிளெய்னில் 10-ஐத் தாண்டிய எந்தக் கட்டிக்கும் ரத்தத்தில் அல்லது 24 மணிநேரச் சிறுநீரில் மெட்டாநெஃப்ரின் (அந்த ஹார்மோன்கள் சிதைந்து வரும் பொருள்) பார்க்கச் சொல்லி எழுத வேண்டும். நம் நாட்டில் இரண்டு பக்கமும் வீங்கி, ஓரம் மட்டும் கான்ட்ராஸ்ட் பிடித்து, நடுவில் அழுகியிருந்தால் காசநோயையும் நினைக்க வேண்டும். அங்கே ஊசி பயாப்சி உதவும். ஆனாலும் மெட்டாநெஃப்ரின் முடிவு வரும்வரை ஊசியை எடுக்கக்கூடாது. உள்ளே இருப்பது பியோகுரோமோசைட்டோமாவாக இருந்தால், குத்திய நொடியில் ரத்த அழுத்தம் கட்டுமீறி ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடக்கூடும்.