பிரிண்டிங் பட்டறை சர்வர்: எந்த ஃபைல்சிஸ்டம்?

திருப்பூரில் மச்சினனின் டி-சர்ட் பிரிண்டிங் பட்டறைக்காக ஒரு பழைய டெஸ்க்டாப்பை டெபியன் லினக்ஸ் சர்வராக மாற்றிக்கொண்டிருக்கிறேன். சிஸ்டத்துக்கு ஒரு எஸ்எஸ்டி, டிசைன் ஃபைல்களுக்கு இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க். இந்த வாரம் ஃபைல்சிஸ்டம் வேலை, அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது.

எஸ்எஸ்டிக்கு எக்ஸ்ட்4. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. 2008-இல் லினக்ஸ் 2.6.28-இலேயே நிலையான பதிப்பாக வந்துவிட்டது. திடீரென்று கரண்ட் போனாலும் ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேட்டைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பில் போடும் டேட்டாபேஸான மரியாடிபியும் அதில்தான். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டம் எதை மாற்றினாலும் புது இடத்தில் எழுதுவதால் டேட்டாபேஸ் ஃபைல் துண்டு துண்டாகிவிடும். அந்தக் குணத்தை நிறுத்தி வைக்கலாம், ஆனால் செக்சமும் (டேட்டா கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சேர்ந்து போய்விடும். அப்புறம் அது எதற்கு?

டிசைன் ஃபைல் கதை வேறு. ரிப்பீட் ஆர்டர் வரும்வரை வருஷக்கணக்கில் யாரும் திறக்க மாட்டார்கள். உள்ளுக்குள் கெட்டுப்போனால் எக்ஸ்ட்4-க்கோ எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கோ தெரியாது. அவை செக்சம் வைப்பது மெட்டாடேட்டாவுக்கு (ஃபைலின் பெயர், இடம் போன்ற விவரங்கள்) மட்டும். இசட்எஃப்எஸ் கண்டுபிடிக்கும்தான். ஆனால் லைசென்ஸ் சிக்கலால் அது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இல்லை, கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைக் கம்பைல் செய்ய இந்தப் பழைய பெட்டிக்குத் தெம்பில்லை. ஆக, பிடிஆர்எஃப்எஸ், ரெய்டு1: இரண்டு டிஸ்க்கிலும் ஒவ்வொரு பிரதி.

நம்புவதற்கு முன் கெடுத்துப் பார்த்தேன். பழைய டிசைன்களைக் காப்பி செய்து, எல்லாவற்றுக்கும் எஸ்எச்ஏ256 (ஃபைலின் கைரேகை மாதிரி) எடுத்து வைத்துவிட்டு அன்மவுண்ட். இரண்டாவது டிஸ்க்கில் முதல் சில ஜிபியைத் தாண்டி, டிடி கட்டளையால் கண்டபடி குப்பையை எழுதினேன். திரும்ப மவுண்ட் செய்து ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டினால் செக்சம் பிழைகள் கடகடவென்று ஏறின. முடிவில் அத்தனையும் திருத்தப்பட்டவை, திருத்த முடியாதவை சுழியம். எஸ்எச்ஏ256 பட்டியலும் அச்சு அசலாக ஒத்துப்போனது. லினக்ஸின் வழக்கமான ரெய்டு கருவியான எம்டிஏடிஎம் மிரராக இருந்தால் இரண்டு பிரதிகளும் வேறாக இருப்பதை மட்டும்தான் சொல்லும். எது சரி என்று அதற்குத் தெரியாது.

"ஏனுங்க மாமா, ஒரு டிஸ்க்கே செத்துப்போச்சுன்னா?" என்றான் மச்சினன்.

ஆஃப் செய்து, ஒரு சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். மவுண்ட் ஆக மறுத்தது! 'டிகிரேடட்' என்று ஆப்ஷன் கொடுத்த பிறகுதான் ஃபைல்கள் தெரிந்தன. அவசரத்துக்கு மச்சினனே செய்துகொள்ளட்டும் என்று கட்டளையைப் பெட்டி மேல் எழுதி ஒட்டிவிட்டேன்.

மாதம் ஒரு ஸ்க்ரப் டைமரும் போட்டாயிற்று. ஸ்னாப்ஷாட் (ஃபைல்களின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது) இருப்பதால் பேக்கப் வேண்டாமே என்கிறான். ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்கில்தானே இருக்கிறது? வெளியே வைக்க இன்னொரு டிஸ்க் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.