எந்த பேஸை வைத்துக்கொள்வது?

ஜெர்மனியில், எர்லாங்கனில் இருக்கிற எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் நாலாக மடித்த ஒரு தாள் கிடந்தது. கீழ்வீட்டு அம்மாள் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேஸ் கிட்டார் வாசிப்பது தரை வழியாக எங்கள் கூடத்துக்கு வருகிறது, தயவுசெய்து அன்று வேண்டாம். கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. அது சித்திரை கடைசி. தேனிப் பக்கம் வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ராட்டினமும் தீச்சட்டியும் மேளமுமாக அங்கே ராத்திரி எது, பகல் எது என்று தெரியாது. எங்கள் சின்னமனூரிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் போயிருக்கும். அம்மாவிடம் போனில் சொன்னேன். "அங்கெல்லாம் சத்தம் போட்டா போலீசுக்குச் சொல்லிருவாங்களாம்ல, சூதானமா இருப்பா" என்றாள்.

ஜெர்மனியில் பொதுவாக இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை சத்தம் கூடாது. ஞாயிறு முழுநாளும் கூடாது. இதெல்லாம் தெரிந்து, வால்யூமைக் குறைத்துத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பேஸ் என்பது அடிச்சுரங்களுக்கான கிட்டார். அதன் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினாலே 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். பாட்டுச் சத்தத்தை மறிக்கிற சுவர் அதை மறிக்காது. போய்ப் பேசினேன். வார நாளில் மாலை 5 முதல் 7 வரை வாசிக்கலாம் என்று ஏற்பாடானது. நல்ல மனுஷி.

எர்லாங்கன் சத்தமே இல்லாத ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். 1755 முதல் இங்கே பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி பெர்க்கிர்ச்வை என்று 12 நாள் திருவிழா நடக்கிறது. மலைச்சரிவில் மரத்தடி முழுக்க பெஞ்சு, பீர், பாட்டு, பெரிய ராட்டினம். முதல் வருஷம் தூரத்தில் அந்த ராட்டின விளக்கைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பனியில் சைக்கிள் ஓட்டுகிறேன், குப்பையைச் சரியாகப் பிரிக்கிறேன். ஆனால் ராட்டினம் சுற்றினால் மனசு வீரபாண்டிக்குப் போய்விடுகிறது.

பேஸ்மேல் ஆசை வந்தது பஸ்ஸில். கோயில் கொடையில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவே கேட்காது. குரல் வரும், வயலின் வரும், அடியில் ஒன்றும் இருக்காது. அதே பாட்டைத் தேனியிலிருந்து குமுளி போகிற தனியார் பஸ்ஸில் போட்டால் கடைசி சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி, கால் வழியாக நெஞ்சுக்குள் ஏற்றும். அது தனி வாத்தியம் என்று அப்போது தெரியாது. பஸ்ஸின் சத்தம் என்றே நினைத்திருந்தேன். இங்கே முதல் குளிர்காலத்தில் நல்ல ஹெட்போன் வாங்கி இளையராஜாவைப் போட்டபோதுதான் பிரித்துக் கேட்டேன். பாடகர் ஒரு மெட்டில் போக, கீழே பேஸ் தனக்கென்று வேறொரு மெட்டைக் கட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு சுரத்தையும் இளையராஜா எழுதிக் கொடுத்து, நெடுங்காலம் அதை வாசித்தவர் சசிதரன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற பண்ணைப்புரத்துக்காரரின் இசைக்குள் இப்படி ஒரு அடித்தளம் இருப்பதை நான் எர்லாங்கனில் கண்டுகொண்டேன். அன்றிலிருந்து பைத்தியம்தான்.

அப்படித்தான் வீட்டில் இரண்டு பேஸ் சேர்ந்தன. முதலாவது பிரிசிஷன் வகை, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இரண்டாவது வயலின் வடிவத்தில் இருக்கும், ஹோஃப்னர் கம்பெனி பேஸ். "என்னங்க, பாப்பாவுக்கு மேசை போடணும். அந்த மூலையில ஒண்ணுதான் நிக்கும், எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் மனைவி. நியாயமான பேச்சு.

கேட்டவர்கள் எல்லோரும் பிரிசிஷனை வைத்துக்கொள் என்றார்கள். காரணம் இருக்கிறது. அமெரிக்க கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த அமைப்பு அது. எந்தப் பாட்டுக்குள் வைத்தாலும் உட்காரும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோடவுன் என்ற இசைத்தட்டு கம்பெனியின் பாட்டுகளுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் அதை வைத்துக்கொண்டு, வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டிய வரிகளை இன்றைக்கும் பாடமாகப் படிக்கிறார்கள். என்னுடையதும் நல்ல கருவிதான். அதன் அடிக்கம்பிக்கு இருக்கும் தெளிவு ஹோஃப்னருக்குக் கிடையாது. ஹோஃப்னரில் அந்தக் கம்பி கொஞ்சம் தொளதொளப்பு.

ஆனால் வாசிக்கப் போவது என் கை. பிரிசிஷனில் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம், ஹோஃப்னரில் சுமார் 30. கேட்க அற்பமாக இருக்கும். கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளில் (ஃப்ரெட்) முதலாவதிலிருந்து நாலாவது வரை விரலை விரித்துப் பாருங்கள்: வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர். என் சுண்டுவிரலுக்கு அது பெரிய தூரம். இளையராஜாவின் வரிகள் ஒரே இடத்தில் நின்று அடிப்பவை அல்ல. கழுத்து நெடுக ஏறி இறங்கும். பிரிசிஷனில் அரைமணியில் மணிக்கட்டு வலிக்கிறது. ஹோஃப்னரில் வலி இல்லாமல் பாட்டை முழுசாகச் சுற்றி வர முடிகிறது. எடையும் பிரிசிஷன் 4 கிலோ என்றால் ஹோஃப்னர் இரண்டரைக்குள்.

இதைவிடப் பெரிய காரணம் ராத்திரி. பிரிசிஷன் கட்டி மரம். ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இல்லாவிட்டால் முனகும், அவ்வளவே. ஹோஃப்னரின் உடம்பு உள்ளே வெற்றாக இருப்பதால் பாப்பா தூங்கியபின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கட்டைவிரலால் தொட்டால் எனக்கு மட்டும் கேட்கும் அளவுக்குப் பாடுகிறது. கீழ்வீட்டுக்குப் போகாது. ஹெட்போன் மாட்டினால் பிள்ளை அழுவது காதில் விழாதே, அந்தக் கவலையும் இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் பூபன்ராய்ட் என்ற கிராமம் இருக்கிறது. கார்ல் ஹோஃப்னர் 1887இல் கம்பெனி தொடங்கியது ஷோன்பாக்கில்; இன்று அது செக் நாட்டின் லூபி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மானியர்களைத் துரத்திவிட்டார்கள். அந்த வாத்தியக்காரக் குடும்பங்கள் பலவற்றை 1949இல் பூபன்ராய்ட் ஏற்றுக்கொண்டது. சில நூறு பேர் மட்டும் இருந்த விவசாயக் கிராமம், வந்தவர்களுக்காகத் தனிக் குடியிருப்பே கட்டியது. பின்னால் இந்த வயலின் வடிவ பேஸ் உலகப் புகழ் பெற்றது. 1961இல் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஹாம்பர்க்கில் வாங்கிய அந்த பேஸ் 1972இல் திருட்டுப் போய், திரும்பக் கிடைத்த செய்தி 2024இல் வந்தது. நான் வேலை தேடி விரும்பி வந்தவன். அவர்கள் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டவர்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் தெருக்களில் நடக்கும்போது, ஊர் போனாலும் தொழிலை விடாத அந்தக் கைகளை நினைத்து மரியாதை வருகிறது. என்னுடையது சீனாவில் செய்த விலை குறைந்த மாடல்தான். இந்தக் கதைக்காக அதை வைத்துக்கொள்ளவில்லை, கைக்காகத்தான்.

பிரிசிஷனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பையன் வாங்கிப் போனான். நீள விரல்கள், அவனுக்குப் பொருத்தம். மேசையும் வந்துவிட்டது. அடுத்து அந்தத் தொளதொளப்பைச் சரிசெய்ய வேண்டும். தட்டையாகச் சுற்றிய கம்பி போட்டால் குறையும் என்கிறார்கள். 30 அங்குலத்துக்கான செட்டா என்று பார்த்து வாங்க வேண்டும். அக்டோபரில் ஹீட்டர் போட ஆரம்பித்தால் காற்று காய்ந்து கழுத்து வளையும், அதற்குள் மாற்றிவிட்டால் ஒரே தடவையில் இரண்டையும் சரிபார்த்துவிடலாம்.