திருகியும் அசையாத திருகு: கடல்பனி அல்பீடோவோடு நான்கு மாதம்

பூமியின் காலநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எங்கள் மாதிரியில் ஆர்க்டிக் பனி வருடாவருடம் மெலிந்துகொண்டே போனது. இத்தனைக்கும் அது 1850-ஆம் ஆண்டு நிலைமையை மாற்றாமல் வைத்து, ஒப்பீட்டுக்காக ஓட்டும் கட்டுப்பாட்டு ஓட்டம். அந்தக் காலத்துச் செப்டம்பரில் வடதுருவத்தைச் சுற்றிக் கிழிந்த பாய் மாதிரி பனி கிடந்தால் எங்கேயோ தப்பு என்று அர்த்தம். "அல்பீடோவைக் கொஞ்சம் ஏத்திப் பாருங்க, ஒரு வார வேலை" என்றார் குழுத் தலைவர். அல்பீடோ என்பது மேலே விழும் ஒளியில் எத்தனை பங்கு திரும்பிப் போகிறது என்ற எண்; அது கூடினால் பனி குறைவாக உருகும். அந்த ஒரு வாரம் நான்கு மாதம் நீண்டது.

நாங்கள் ஓட்டுவது சிஇஎஸ்எம் என்ற காலநிலை மாதிரி. அதில் கடல்பனியைக் கவனிப்பது லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பிறந்த சைஸ் என்ற நிரல். ஒரு சின்னத் தொல்லை: தமிழில் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, மேலிருந்து விழுவதும் பனி, கடல் உறைந்தாலும் பனி. இங்கே உறைந்த கடலைக் கடல்பனி என்றும், அதன்மேல் பொழிந்து கிடப்பதை வெண்பனி என்றும் வைத்துக்கொள்கிறேன். இந்தக் கதையில் வில்லன் வெண்பனிதான்.

ஓட்டத்துக்கான அமைப்புகளை எழுதிவைக்கும் நேம்லிஸ்ட் கோப்பில் வெண்பனி அல்பீடோ என்றே பெயர் போட்டு இரண்டு எண்கள் உண்டு: கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு 0.98, அகச்சிவப்புக்கு 0.70. இரண்டாவதை 0.75 ஆக்கி ஐந்து வருடம் ஓட்டினேன். விடை பழைய ஓட்டத்தோடு கடைசித் தசமம் வரை அப்படியே ஒத்துப்போனது. முதலில் என்மேலேயே சந்தேகம். ஓட்டக் கோப்புறையில் இருக்கும் பிரதியில் கைவைத்தால், அடுத்த முறை ஓட்டத்தை அனுப்பும்போது அது அழிந்து புதிதாக எழுதப்படும். முன்பு ஒருமுறை அப்படி ஏமாந்திருக்கிறேன். இந்த முறை சரியான இடத்தில்தான் மாற்றியிருந்தேன். எண்ணும் மாறியிருந்தது. ஆனால் அதைக் கேட்பார் யாருமில்லை. அந்த எண்கள் சிஇஎஸ்எம்முக்கு முன்னோடியான பழைய சிசிஎஸ்எம்3 மாதிரியின் முறைக்கு உரியவை. எங்கள் ஓட்டத்தில் இருந்தது டெல்டா-எடிங்டன் என்ற ஒளிச்சிதறல் கணக்கு முறை. அதில் அல்பீடோவை நாம் கொடுக்கவே முடியாது. வெண்பனிக் குறுமணிகளின் ஆரம், அதன் ஆழம், அடியில் உள்ள பனியின் தடிமன், மேலே தேங்கும் உருகுநீர்க் குட்டை எல்லாவற்றிலும் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று கணக்குப் போட்டு அதுவே விடை சொல்லும்.

சரி, அப்படியானால் குறுமணியைச் சிறிதாக்க வேண்டும். மணி சிறுத்தால் வெளுப்பு கூடும். அதற்கென்று ஆர்-ஸ்னோ என்றொரு திருகு, அதாவது நாம் மாற்றிப் பார்க்கக்கூடிய எண், உண்டு. எங்களிடம் அது 1.5-இல் இருந்தது. 2.0 ஆக்கினேன். பனி அசைந்தது போலவும் இருந்தது, அசையாதது போலவும் இருந்தது. 2.5 ஆக்கினேன். 2.0-க்கும் 2.5-க்கும் துளி வித்தியாசமில்லை.

கடைசியில் நிரலைத் திறந்து படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டும். உருகாத வெண்பனியின் ஆரம் 500 மைக்ரான். அதிலிருந்து ஆர்-ஸ்னோவின் 250 மடங்கைக் கழிக்கிறார்கள். 1.5 என்றால் 125 மைக்ரான். அடுத்த வரியிலேயே ஒரு பூட்டு: புதிதாகப் பொழிந்த பனியின் 100 மைக்ரானுக்குக் கீழே போகக்கூடாது. ஆக 1.6-ஐத் தாண்டினால் திருகு வெறுமனே சுழலும். இயற்பியலாகப் பார்த்தால் அந்தப் பூட்டு நியாயம்தான். அதை நேம்லிஸ்ட் விளக்கத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால் என் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

உண்மையான பிடி வேறு இடத்தில் இருந்தது. மேற்பரப்பு வெப்பம் ஏறி, உருகுநிலைக்கு இன்னும் 1.5 டிகிரி மீதமிருக்கும்போதே மாதிரி குறுமணிகளைப் பருக்க வைக்கத் தொடங்குகிறது. உருகுநிலையைத் தொடும்போது அவை 1500 மைக்ரான் ஆகிவிடும். 1997 அக்டோபரில் தொடங்கி ஒரு வருடம், கனடாவின் பனி உடைக்கும் கப்பலொன்றைப் பியூஃபோர்ட் கடலில் பனியோடு உறையவிட்டு நடத்திய ஷீபா ஆய்வில் இந்த மாற்றத்தை நாள்தோறும் அளந்திருக்கிறார்கள். வசந்தத்தில் 0.8-க்கு மேல் இருந்த அல்பீடோ, கோடை முற்றும்போது 0.4 அளவுக்கு இறங்கிவிட்டது. திறந்த கடலோ 0.07 பக்கம். சூரியன் உச்சத்தில் நிற்கும் ஜூனில் வெண்பனி நாலு நாள் முன்பே கறுத்தால், அந்த வருடக் கோடை முழுக்கவே கைவிட்டுப் போகும்.

எனவே 1.5 டிகிரியை 1.0 ஆக்கினேன். முதலில் வளிமண்டலத்தை வெளியிலிருந்து கொடுத்துப் பனியை மட்டும் ஓட்டியதில் விளைவு சிறிதாகத்தான் தெரிந்தது. காற்றின் வெப்பநிலையைக் கட்டிப்போட்டுவிட்டால், பனி வெளுத்துக் காற்று குளிர்ந்து, அதனால் பனி மேலும் தடித்து என்ற சுற்று ஓடவே ஓடாது. வளிமண்டலமும் கடலும் பனியும் சேர்ந்தே ஓடும் இணைப்பு மாதிரியில் அதே மாற்றம் பல மடங்காகக் கிளம்பியது. முதல் பத்து வருடத்தை நம்பக் கூடாது என்பதும் அப்போது புரிந்தது; தானாக வரும் ஏற்ற இறக்கமே அவ்வளவு இருக்கும். ஐம்பது வருடம் ஓட்டினேன். சூப்பர் கம்ப்யூட்டர் வரிசையில் காத்திருந்த நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆர்க்டிக் சரியானது. அப்புறம் தெற்கே பார்த்தேன். இந்த எண் இரண்டு துருவத்துக்கும் ஒன்றுதான். அண்டார்க்டிகாவில் ஏற்கெனவே போதுமான பனி இருந்தது. இப்போது குளிர்காலத்தில் அளவுக்கு மீறிப் பரவிக் கிடந்தது. வடக்குக்கு ஓர் எண், தெற்குக்கு ஓர் எண் என்று நிரலைப் பிளக்கலாம் என ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்தத் துருவத்தில் கிடக்கிறோம் என்று குறுமணிக்குத் தெரியாது.

பிறகு, ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். ஜூனில் ஆர்க்டிக் பரப்புக்கு வந்துசேரும் சூரிய ஒளியை அளவீடுகளோடு ஒப்பிட்டேன். மாதிரியில் அதிகமாக இருந்தது. மேகங்களில் நீர்த்துளிகள் குறைவு. வானம் தேவைக்கு மேல் திறந்து கிடந்தது. மேகத்தின் தப்புக்குப் பனியின் வெளுப்பைக் கூட்டி ஈடு கட்டிக்கொண்டிருந்தேன்.

குழுவில் வாக்குவாதம் நடந்தது. டியூனிங்கே, அதாவது இப்படித் திருகுகளைத் திருகிச் சரிசெய்வதே, வேண்டாம் என்பவன் இல்லை நான். இது இல்லாமல் எந்த இணைப்பு மாதிரியும் நிற்காது. அளவீட்டின் நிச்சயமின்மைக்குள் நகர்த்தினால் சரி, அதற்கு வெளியே இழுத்தால் அது ஒட்டுப்போடுவது. முடிவில் 1.0-க்கும் 1.5-க்கும் நடுவே 1.25 என்று வைத்தோம், ஆர்-ஸ்னோ பழையபடி 1.5. கோடைப் பனி இன்னும் கொஞ்சம் மெலிசுதான். மேகப் பகுதியைப் பார்ப்பவரிடம் ஜூன் மாதப் படங்களை அனுப்பியிருக்கிறேன். ஒரு வார வேலை என்று அவரும் சொல்லியிருக்கிறார்.