குவார்ட்ஸில் பொறியின் ஆழத்தை அளக்கும்போது

கதிர்வீச்சு பட்ட குவார்ட்ஸைச் சூடேற்றும்போது வெளிவரும் ஒளியே தெர்மோலூமினசென்ஸ். வெப்பநிலைக்கு எதிரே அதன் செறிவை வரைந்த வளைவில் ஒரு முகடு தெரிந்ததுமே "இது அலுமினியக் குறை" (அலுமினியம் நுழைந்ததால் படிகத்தில் வந்த பிழை) என்று எழுதிவிடுகிறார்கள். முகட்டின் வெப்பநிலை எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருந்த பொறியைப் பற்றியது. ஒளியின் நிறமோ, விடுபட்ட எலக்ட்ரான் போய்ச் சேரும் மையத்தைப் பற்றியது. இரண்டும் வெவ்வேறு குறைகள்.

மாதிரியை அகேட் உரலில் மெதுவாக உடைத்து, 90 முதல் 150 மைக்ரான் வரையுள்ள மணிகளைச் சலித்தெடுங்கள். வேகமாக அரைத்தால் மேற்பரப்பில் புதுக் குறைகள் உண்டாகும். 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் கார்பனேட்டை நீக்கும். பிறகு 40% ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் 40 நிமிடம்: ஃபெல்ட்ஸ்பாரும் சிதைந்த மேல்தோலும் போய்விடும். இந்த அமிலம் தோலில் பட்டால் தடவ வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. ஃப்ளூரைடு வீழ்படிவு மணிகளில் ஒட்டியிருக்கும், அதனால் மறுபடி ஹைட்ரோகுளோரிக்கில் அலசுங்கள்.

கருவியின் சூடேற்றும் சிற்றறைக்குள் நைட்ரஜன் ஓடட்டும். காற்று இருந்தால் கதிர்வீச்சுக்குச் சம்பந்தமில்லாத போலி ஒளி வரும். 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் மணிகளைத் தாங்கும் சூட்டுத் தட்டே ஒளிரத் தொடங்குவதால், புற ஊதாவை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி அவசியம். சூடேற்றும் வேகம் நொடிக்கு 1 டிகிரியைத் தாண்ட வேண்டாம். வேகம் கூடினால் மணிகளின் வெப்பம் தட்டுக்குப் பின்தங்கும். கணக்கில் வருவதோ தட்டின் வெப்பம்தான். 110 டிகிரி முகடு என்று பேர்பெற்றதும் இந்த வேகத்தில் 100-க்குக் கீழேயே வரும், அதைக் கண்டு பதற வேண்டாம்.

பொறியின் ஆழம் என்பது எலக்ட்ரானை அதிலிருந்து விடுவிக்கத் தேவையான ஆற்றல். அதை அளக்கும் தொடக்க ஏற்ற முறையில், ஒளிச்செறிவு உச்சத்தின் 10 சதவீதத்தைத் தொடும்வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்து, பின்னணியைக் கழித்து, செறிவின் இயல் மடக்கையைக் கெல்வின் வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே வரையுங்கள். சாய்வை, எதிர்க்குறியை விட்டுவிட்டு, போல்ட்ஸ்மன் மாறிலியால் பெருக்கினால் ஆழம் கிடைக்கும். பக்கத்து முகட்டின் வால் கலந்திருந்தால் சாய்வு வளையும். அந்தப் பக்கத்து முகட்டை முதலில் பகுதிச் சூடேற்றலால், அதாவது அது மட்டும் அழியும் அளவுக்குச் சூடேற்றி, துடைத்துவிட வேண்டும்.

325 டிகிரி முகட்டில் பெரும்பாலோர் சறுக்குவது வெப்பத் தணிப்பில். சூடு ஏற ஏற ஒளிவிடும் திறனே குறைவதால் கிடைக்கும் ஆழம் உண்மையைவிடச் சுமார் 0.64 எலக்ட்ரான்வோல்ட் வரை தாழ்ந்து நிற்கும். திருத்தாத எண்ணை வெளியிடாதீர்கள்.

500 டிகிரிக்குச் சூடேற்றிய மணிகளை மறுபடி கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் 110 முகடு பல மடங்கு பெரிதாகலாம். அதனால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் புது மணிகள், எடையும் ஒரே சீராக, சுமார் 5 மில்லிகிராம்.

குறையின் பெயரைச் சொல்ல எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு (இணையில்லாத எலக்ட்ரான்களைக் காந்தப் புலத்தில் கண்டறியும் முறை) வேண்டும். அலுமினியத் துளை மையம் (அலுமினியத்தின் அருகே ஓர் எலக்ட்ரான் குறைந்த இடம்) 77 கெல்வினில் நன்றாகத் தெரியும். படிப்படியாகச் சூடேற்றி முகட்டையும் இந்தச் சைகையையும் அளந்து பாருங்கள். முகடு அழியும் அதே வெப்பத்தில் அலுமினியச் சைகை இறங்கினால், அலுமினியம் எலக்ட்ரானை ஏற்றுக்கொண்ட மையமாக இருக்கலாம். பொறி எது என்பதற்கு டைட்டேனியம் போன்ற எலக்ட்ரான் மையங்களின் சைகையைத் தனியே பார்க்க வேண்டும்.